குர்லா பாலத்துக் காதலன்

பூமாரி காதல் படங்களை நம்பாமல் போனதற்கு ஒழுக்கம் காரணமல்ல. அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

பம்பாயின் மாட்டுங்காவில் ஞாயிறுதோறும் காலைக் காட்சியாகத் தமிழ்ப் படம் போடுவார்கள். செம்பூரிலிருந்து அம்மா பேராச்சியோடு ரயிலேறிப் போய்வருவாள். படத்தில் கல்லூரிக்கு முதல் நாள் வருகிற மாணவனுக்குத் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை தொங்கும். "என் மகளுக்குப் பதினாறுகூட முடியவில்லையே" என்று ஒரு தாய் கலங்குவாள். மகள் அந்தத் தாய்க்கே அக்காள்போல வந்து நிற்பாள். கல்லூரியில் வகுப்பு என்று ஒன்று நடந்ததாகச் சரித்திரம் இல்லை. அவள் கையில் ஒரு புத்தகம் இருக்கும். அது படிப்பதற்கல்ல, மோதி விழுவதற்கு. அவன் அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்ததும் இருவரும் நேரே ஊட்டியில் இருப்பார்கள். மெல்லிய சேலையில் அவள் பனிக்குள் ஓட, கம்பளிக் கோட்டும் மப்ளருமாக அவன் துரத்துவான்.

"இந்தக் குளிருல சளிதாம்மா பிடிக்கும்" என்று பூமாரி முணுமுணுத்தால், மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் முன்வரிசைப் பெண்கள் திரும்பி முறைப்பார்கள்.

அவளுக்குப் பதினேழு வயது. எஃப்.ஒய். ஆர்ட்ஸ், அதாவது கல்லூரி முதலாண்டு, படித்தாள். அவளுடைய கல்லூரி மாட்டுங்காவில்தான் இருந்தது. அங்கே வகுப்பு நடந்தது, பரீட்சையும் நடந்தது. காலையில் செம்பூரில் ஏறி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி, வேறு ரயில் பிடித்து, பெண்கள் பெட்டியில் பிறர் பின்னல் வாயில் படாமல் மூச்சு விட்டபடி போகவேண்டியிருந்தது. வழியில் மோதிய பையன்கள் யாரும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. "அந்தி ஹை க்யா?", கண் குருடா, என்று இந்தியில் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்பா தளவாய்க்குத் தாராவியில் மளிகைக் கடை. மகள் எஸ்.எஸ்.ஸி. தேறியபோது, மேலே படிக்கவைக்க அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "படி. ஆனா உன்னைப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னைக்கோட சரி. ஊருக்கு வண்டி ஏத்திருவேன்." ஊர் என்றால் கோவில்பட்டிப் பக்கம். அங்கே அத்தை மகன் ஒருவன், தீப்பெட்டி ஆபீசும் முறுக்கிய மீசையுமாக, முறைக்காரன் என்ற உரிமையோடு காத்திருந்தான். பூமாரி தலைகுனிந்து நடந்ததும், நூலகத்திலிருந்து நேரே வீடு வந்ததும் அந்த மீசையை நினைத்துத்தான்.

அந்த ஆண்டு மாட்டுங்கா முத்தமிழ் மன்றம் தன் ஆண்டு விழாவில் ஒரு பட்டிமன்றம் நடத்தத் தீர்மானித்தது. 'இளம்பருவக் காதல் படங்கள் நம்பத்தக்கனவா?' என்பது தலைப்பு. மன்றத்தின் செயலாளரும் நடுவரும் சங்கரநாராயணன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் தலைமை குமாஸ்தா. அவருக்குத் தலைப்புக் கிடைத்த அளவுக்குச் சுலபமாகப் பேச்சாளர்கள் கிடைக்கவில்லை. பம்பாயில் வளர்ந்த பிள்ளைகள் தமிழில் சண்டை போடுவார்கள், தமிழ் படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவார்கள். பூமாரியோ, அப்பாவின் கடையில் பொட்டலம் மடிக்க வரும் பழைய பத்திரிகைகளைப் படித்தே தமிழ் தேர்ந்தவள். எல்லாத் தொடர்கதைகளிலும் அவளுக்கு நடுப்பகுதி தெரியும்.

இன்னொரு பேச்சாளர் அவளுடைய வகுப்புத் தோழி அம்மிணி. மாட்டுங்காவிலேயே பிறந்த பாலக்காட்டுப் பெண். காதல் படம் பார்க்க இரண்டு கைக்குட்டை கொண்டுபோகிறவள்.

யார் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வதுதான் மன்றத்தின் வழக்கம். சங்கரநாராயணன் இரண்டு சீட்டுகளைத் தன் டிபன் டப்பா மூடியில் போட்டுக் குலுக்கினார். பூமாரிக்கு 'நம்பத்தக்கன' வந்தது. அம்மிணிக்கு 'நம்பத்தகாதன'.

"மாமா, மாத்திக் குடுத்துடுங்கோ" என்றாள் அம்மிணி. "போன வாரம் பார்த்த படத்துக்கு அழுத கண்ணே நேக்கு இன்னும் சரியாகல்லே. அதைப் போய்ப் பொய்யின்னு சொல்லணுமா?"

"எனக்கும் இது வேண்டாம் சார். அதுல ஒண்ணுகூட நம்புற மாதிரி இல்ல" என்றாள் பூமாரி.

சங்கரநாராயணன் டப்பாவை மூடினார். "ஏம்மா, வக்கீல் கட்சிக்காரனை நம்பியா வாதாடறான்? சீட்டு விழுந்தா விழுந்ததுதான். போய்ப் பாயிண்ட் தேடுங்கோ."

பூமாரி தேடினாள். படங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை. சாட்சி இல்லாத வழக்கில் வக்கீல் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஒரு சாட்சியை உண்டாக்கினாள்.

விழாவன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. தளவாய் இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டாம் வரிசையில் இருந்தார். பக்கத்தில் ஞானராஜ். தாராவியில் தளவாய் கடைக்கு அடுத்த கடைக்காரர். குடை வியாபாரம், மழை இல்லாத மாதங்களில் அடுத்தவர் விஷயம்.

பூமாரி எழுந்தாள். படங்களில் பொய்யாக இருப்பது பூந்தோட்டம்தானே தவிரக் காதல் அல்ல என்று தொடங்கினாள். "தோட்டத்தை எடுத்துவிட்டுக் குர்லா ஸ்டேஷன் பாலத்தை வையுங்கள். காதல் அப்படியேதான் இருக்கும். நான் அறிந்த ஒரு பெண் இருக்கிறாள்..."

அந்தப் பெண் தினமும் குர்லாவில் வண்டி மாறுகிறவள். ஒரு பையனும் மாறுகிறான். கட்டம் போட்ட டெரிலின் சட்டை. விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். அவன் விக்ரோலிப் பக்கம் போகிறவன், இவள் மாட்டுங்காப் பக்கம். பாலத்தின் மேல் மட்டும் இருவருக்கும் ஒரே வழி. ஒரு மழை நாளில் அவன் கால் பட்டு அவள் செருப்பு வார் அறுந்தது. படத்து நாயகனாக இருந்தால் செருப்பைக் கையில் ஏந்திப் பாடியிருப்பான். இவன் பயந்துபோய் ஓடிவிட்டான். மறுநாள் அதே இடத்தில் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் ஓர் ஊக்கை நீட்டினான். அன்றிலிருந்து அவள் அந்தப் பாலத்தை மெதுவாகக் கடக்கிறாள்.

மண்டபத்தில் விசிறிகள் நின்றுவிட்டன. கைக்குழந்தைகூட அழவில்லை. இதில் செருப்பு அறுந்தது உண்மை. ஊக்கு உண்மை, அதைப் பூமாரி தன் தாவணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு நொண்டியபடி வகுப்புக்குப் போனாள். பையன் மட்டுந்தான் இல்லை.

அடுத்து வந்த அம்மிணி, பெற்றோர் நிழலில் வளரும் குலப்பெண்களுக்குப் பதினேழு வயதில் வருவது பசி ஒன்றுதான் என்று முழங்கினாள். தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சங்கரநாராயணன் தொண்டையைச் செருமித் தீர்ப்பு வழங்கினார். "பூமாரி சுவையாகப் பேசினார். ஆயினும், அவர் சொன்னதுபோன்ற நிகழ்ச்சி நம் குடும்பங்களில் நடப்பதற்கில்லை. நடக்காததைக் காட்டும் படங்கள் நம்பத்தகாதவை." பரிசான எவர்சில்வர் கூஜா அம்மிணிக்குப் போயிற்று. தளவாய் கையெல்லாம் சிவக்கத் தட்டினார். மகள் தோற்றது அவருக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் ஞானராஜ் அவர் பக்கம் சாய்ந்தார். "அண்ணாச்சி, பாப்பா என்னமாப் பேசுது! ஆமா, அந்தப் பிள்ளை யாராம்?"

"எந்தப் பிள்ளை?"

"அதான், 'நான் அறிந்த ஒரு பெண்'. நம்ம ஆளுக தன் வீட்டுச் சங்கதியை வேற எப்படிச் சொல்லுவாக?"

வீட்டு வாசலில் பூமாரி செருப்பைக் கழற்றியதும் தளவாய் குனிந்து அதைக் கையில் எடுத்தார். விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். வாரில் ஊக்கு இருந்தது.

"ஏட்டி, யாரு அந்தப் பய?"

"எந்தப் பயப்பா?"

"ஊக்குக் குடுத்தவன்."

"ஐயோ, அது கதைப்பா! சீட்டுல அந்தக் கட்சி விழுந்துச்சு. பேசுறதுக்காக நானே கட்டுனது."

"கட்டுனதா? இந்தா, கட்டுனது என் கையில இருக்கு."

"அது என் தாவணி ஊக்கு!"

"மழை பெஞ்சது நெசம்தானே? அன்னைக்கு நீ நனைஞ்சு வந்தியே? அப்போ மழை நெசம், செருப்பு நெசம், ஊக்கு நெசம், பாலம் நெசம். பய மட்டும் பொய்யாக்கும்?"

இப்படி ஒரு குறுக்கு விசாரணையை மன்றத்தில் யாராவது செய்திருந்தால் கூஜா பூமாரிக்கே கிடைத்திருக்கும். அவள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "இப்படி நடக்கவே நடக்காதுன்னு நடுவர் சொன்னப்போ நீங்கதானே அத்தனை சத்தமாக் கை தட்டினீங்க?"

"அது ஊருக்கு" என்றார் தளவாய். "இது வீட்டுக்கு."

மறுநாளிலிருந்து அவள் கல்லூரிக்குப் போகவில்லை. பேராச்சி அடுப்படியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். எதுவும் சொல்லவில்லை. பேராச்சி ஒன்றும் சொல்லாமல் இருப்பதை எதிர்ப்பு என்றும் கொள்ளலாம், சம்மதம் என்றும் கொள்ளலாம். தளவாய் எப்போதும் சம்மதம் என்றே கொண்டார்.

விஷயம் தெரிந்து அம்மிணி, சங்கரநாராயணனையே அழைத்துக்கொண்டு வந்தாள். பூமாரிக்கு உயிர் வந்தது. நடுவர் வாயால் சொன்னால் அப்பா நம்பாமல் இருப்பாரா? சங்கரநாராயணன் காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, நீதிபதியின் நிதானத்தோடு சாட்சி சொன்னார்.

"மிஸ்டர் தளவாய், அந்தக் கட்சியை இவளுக்குக் குடுத்தது சீட்டு. அதுக்கு நான் பொறுப்பு."

"சரிங்கய்யா. அந்தப் பயலையும் சீட்டுத்தான் குடுத்துச்சா?"

"பையனை நான் குடுக்கல்லே." அவர் யோசித்தார். "உள்ளதைச் சொல்லணும்னா, அந்த ஊக்கு இருக்கே... அதை ஒருத்தர் கற்பனை பண்ண முடியும்னு நேக்கே தோணல்லே."

"மாமா!" என்றாள் அம்மிணி. "நடக்கறதுக்கில்லைன்னு தீர்ப்புச் சொன்னேளே!"

"தீர்ப்பு வேற, அபிப்பிராயம் வேறம்மா" என்று சொல்லிவிட்டுச் சங்கரநாராயணன் காப்பியைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அந்த வாரமே தளவாயும் ஞானராஜும் பூமாரியைக் குர்லாப் பாலத்துக்குக் கூட்டிப்போனார்கள், அடையாளம் காட்டுவதற்கு. காலை ரயில்கள் இரண்டு பக்கமும் ஆட்களைக் கொட்டின. பாலத்தின் மேல் வெள்ளம்போல் சட்டைகள் வந்தன. அந்த வருஷம் பம்பாயில் கட்டம் போட்ட டெரிலின் சட்டை இல்லாத இளைஞன் என்றால் அவன் சட்டையே இல்லாதவனாக இருக்கவேண்டும்.

"இவனா?"

"இல்லப்பா."

"அவனா?"

"அப்படி ஒருத்தனே இல்லப்பா."

"பாத்தீங்களா அண்ணாச்சி, காட்டிக் குடுக்க மாட்டேங்குது" என்றார் ஞானராஜ். "பாசம்."

கடைசியில் டிபன் டப்பாவும் கட்டம் போட்ட சட்டையுமாக வந்த ஒருவன், பூமாரியை ஒரு தடவை பார்த்துவிட்டான். கைப்பிடிக் கம்பியோரம் அழாத குறையாக ஒரு பெண் நின்றால் யாரும் பார்ப்பார்கள். தளவாய் பாய்ந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தி, விக்ரோலிக்கா போகிறான் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார். "ஏ பாய், ருக்கோ! தும் விக்ரோலி ஜாத்தா?"

பையன் வெலவெலத்துப்போனான். சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து இரு கைகளாலும் நீட்டினான். "பாஸ் ஹை, சாப்! பாஸ் ஹை!"

மப்டியில் வந்த டிக்கெட் செக்கர் என்று அவரை அவன் நினைத்துவிட்டான். தளவாய் ரயில் பாஸை வாங்கி ஞானராஜிடம் கொடுத்தார். ஞானராஜ் அதை உரக்கப் படித்தார். ஏதோ பாண்டுரங். தாதரிலிருந்து பாண்டுப் வரை.

"மராட்டிக்காரப் பய" என்றார் தளவாய். சற்று நிம்மதியாக இருந்தது அவருக்கு. பிறகு சந்தேகம் வந்தது. "ஏட்டி, உன் ஆளு தமிழன்தானே?"

இரண்டு மனிதர்களுக்குப் பின்னே வீட்டுக்கு நடந்தபோது பூமாரிக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இல்லாதவனை இல்லை என்று நிரூபிக்க முடியாது. இருக்கிறவனையாவது எங்கேயாவது அனுப்பலாம்.

அன்று சாயங்காலமே தளவாய் முடிவைச் சொன்னார். "இனிமே தேடிப் பிரயோசனம் இல்ல. உங்க அத்தைக்குச் சொல்லி அனுப்பிருதேன். வைகாசியில முடிச்சிருவோம். முறைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? ஒருத்தன் ஒருத்திக்குன்னு பொறந்தப்பவே எழுதுனது அது. அதை மீறி எவனும் உருப்பட்டதில்ல."

பூமாரி சுவரோரம் உட்கார்ந்து, பார்த்த படங்களின் முடிவுகளை எல்லாம் மனதுக்குள் ஓட்டினாள். நாயகன் இரத்தம் கக்கிச் சாவது ஒன்று. வேண்டாம், எந்த ஆஸ்பத்திரி என்று அப்பா போய்ப் பார்ப்பார். ரயிலில் அடிபடுவது இன்னொன்று. ஞானராஜ் பேப்பர் படிக்கிறவர். பட்டாளத்தில் சேர்ந்து எல்லைக்குப் போவதென்றால், திரும்பி வந்துவிடுவானோ என்று இவர் பத்து வருஷம் பயந்துகொண்டிருப்பார். முறை என்று அப்பா சொன்ன சொல் மட்டும் காதிலேயே நின்றது.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். படங்களில் அப்படித்தான் தொடங்குவார்கள்.

"அப்பா, நான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

தளவாய் நிமிர்ந்தார். இத்தனை நாள் அவள் உண்மையைச் சொன்னபோது கிடைக்காத மரியாதை இப்போது அந்த முகத்தில் வந்தது.

"சொல்லு."

"அவன் இப்போ பம்பாயிலயே இல்லப்பா. போயிட்டான்."

"எங்க?"

"ஊருக்கு. அவனுக்கு மாமன் பொண்ணு இருக்காளாம். முறைப்பொண்ணு. அவளைத்தான் கட்டணும்னு அவன் அம்மா சொல்லிட்டாங்களாம். கடைசியா ஒரு நாள் பாலத்துல வந்து நின்னான். 'பெத்தவ சொல்லைத் தட்ட எனக்கு மனசு வரல, நீ நல்லாப் படி'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்." இங்கே அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. படிப்பு என்ற சொல் வந்ததால் இருக்கலாம்.

தளவாய் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடம் கண்.

"அப்படியா சொன்னான்? பெத்தவ சொல்லைத் தட்ட மாட்டேன்னு?"

"ஆமாப்பா."

"முறைக்கு மதிப்புக் குடுத்திருக்கான் பாரு." அவர் பெருமூச்சு விட்டார். "நல்ல குடும்பத்துப் பயலா இருந்திருக்கான். பம்பாய்க்கு வந்தும் புத்தி கெடல. நாந்தான் அவசரப்பட்டு அவனைத் தப்பா நெனச்சிட்டேன்."

பூமாரி பார்த்த எந்தப் படத்திலும் இந்த இடத்துக்கு வசனம் இல்லை.

"எந்த ஊர்க்காரனாம்?" என்றார் தளவாய், குரலைத் தாழ்த்தி. "தம்பி கிம்பி யாரும் உண்டா?"

"ஒத்தப் பிள்ளைப்பா" என்றாள் பூமாரி அவசரமாக.

அவர் ஏமாற்றத்தோடு தலையசைத்தார். பிறகு சொன்னார்: "சரி. படிக்கச் சொல்லிட்டுத்தானே போயிருக்கான். ஒரு நல்ல பயலோட வாக்கு. திங்கக்கெழமையில இருந்து காலேஜுக்குப் போ. அத்தைக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். மனசு ஆறட்டும்." பதினேழு வயதில் மகளுக்குக் காதல் வரும் என்பதை ஒப்புக்கொள்ளாத மனிதர், அது முறிந்த துயரத்துக்கு இரண்டு வருஷம் தவணை கொடுத்தார்.

செய்தி ஞானராஜுக்கு எட்டியது. ஆகவே எல்லோருக்கும் எட்டியது. யாரும் அவளை ஏசவில்லை. மாடி வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. அம்மிணி இரண்டு கைக்குட்டையோடு வந்தாள். "கதைன்னு நேக்குத் தெரியும்டி, ஆனாலும் அந்தக் கடைசி இடம்..." என்று அழுதுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை பூமாரி புத்தகங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். பேராச்சி டிபன் டப்பாவில் இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வைத்துவிட்டு மூடியைப் போட்டாள்.

"என்னம்மா, ரெண்டுதானா? எனக்குப் பசிக்கும்."

"பசிக்கட்டும். உங்க அப்பா வாசல்ல நிக்காரு, டப்பாவைத் தூக்கிப் பாப்பாரு. மனசு ஒடிஞ்ச பிள்ளை ஆறு இட்லி திங்குமா?"

பூமாரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்மா?"

பேராச்சி கரண்டியைக் கழுவினாள். "ஊக்கு வரைக்கும் நானும் நம்பிட்டேன். பாலத்துல வந்து நின்னு சொல்லிட்டுப் போனான்னு சொன்னே பாரு, அங்கதான் விட்டுட்டே. சொல்லிட்டுப் போற ஆம்பிளை எந்த ஊர்ல இருக்கான்? பேசாமப் போயிட்டான்னு விட்டிருந்தேன்னா எனக்கும் சந்தேகமே வந்திருக்காது." டப்பாவை அவள் கையில் கொடுத்தாள். "போ, வண்டிக்கு நேரமாச்சு. தெருமுனை வரைக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போ."